கவாத்து

பழம் பறித்து முடிந்த மார்ச்சில்
காப்பிச் செடிகளுக்குக் கவாத்து.
வெயில் எட்டாத உட்கொப்பு,
ஒன்றின்மேல் ஒன்று விழுந்த கொப்பு,
யோசிக்காமல் வெட்டுவேன்.
பதினாலு வருஷக் கை.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
சேலம் பெரியாஸ்பத்திரியில் ஜெசிந்தாவைக் காட்டினோம்.
பிறந்தபோதே வலக்கண்ணில் பாலாடை.
மூணாம் மாசம் எடுத்தார்கள்.
தடிக் கண்ணாடியும் நாடா வைத்துக் கட்டியாயிற்று.
கண் கழுவிய கிளாஸ் மாதிரி இருக்கிறது,
பார்க்கத்தான் இல்லை.

"கண்ணில் இப்போ குறை இல்லை" என்றார் டாக்டரம்மா,
சீட்டின் பின்பக்கம் மரம்போல் ஒன்று கிறுக்கி.
"மூளைக்குள் நரம்பு கிளைவிடும் காலம் இது.
வெளிச்சம் வரும் வழியில் கிளைக்கும்.
சேதி எதுவும் வராத கொப்பை
மூளையே வெட்டிப் போட்டுவிடும்."

வெட்டிப் போட்டுவிடும்.
நான் கையைப் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன்.

வைத்தியம் என்னவென்றால்
நல்ல கண்ணை மூட வேண்டும்.
தினம் நாலு மணி நேரம்.
புஷ்பமேரி பிடிப்பாள், நான் ஒட்டுவேன்,
பிள்ளை பிய்க்கும்.
ஒருநாள் பிளாஸ்டரோடு புருவ மயிரும் வந்துவிட்டது.
அன்று ராத்திரி மேரி சாப்பிடவில்லை.
காய்க்கிறதை மூடிவைத்து
நோஞ்சானைக் காய்க்கச் சொல்லும் விவசாயம்
எந்த எஸ்டேட்டிலும் நான் பார்த்ததில்லை.

காட்டாத பொருள் இல்லை.
சிவப்பு ஸ்பூன், பூனை,
சில்வர் ஓக்கில் ஏறும் மிளகுக்கொடி,
கடைசி பஸ்ஸின் விளக்கு.
பனி இறங்கும் நாளில் மட்டும் கை ஓய்ந்துவிடும்.
லைன் வீடுகளே தெரியாத வெள்ளை.
முதல் மூணு மாசம்
அந்தக் கண் கண்டது இதைத்தானோ?
மலையைத் திட்டுவேன், சத்தமாகவே.

நேற்று சாயங்காலம்
கத்தரி தீட்டிக்கொண்டிருந்தேன்.
ஒட்டோடு தவழ்ந்து வந்தவள்
அலகில் வெயில் பட்டதும் நின்றாள்.
இடப்பக்கம் சாய்த்தேன்.
கண் வந்தது. அந்தக் கண்.
வலப்பக்கம்.
கொஞ்சம் பொறுத்து, தடுமாறி, வந்தது.
பிறகு கையை நீட்டி
நாலு விரற்கடை தள்ளிக்
காற்றைப் பிடித்தாள்.

மேரியைக் கூப்பிட வாய் வரவில்லை.
கத்தரியை மூடிக் கொக்கி மாட்டி,
அவள் கைக்கு எட்டாமல்,
இன்னொரு தரம்
வெயிலில் திருப்பினேன்.