பயனாளிகள் பட்டியல்

பெல்ட்ஸியில் பிப்ரவரி.
பேருந்து விட்ட இடத்திலிருந்து
நாற்பது நிமிடம் பனிச்சேறு.
படிவத்தில் பதினேழு கேள்விகள்;
அவள் மொழியில் எனக்குக் கேட்கத் தெரிந்தவை
பதினொன்று.

விறகு எத்தனை நாளைக்கு வரும்?
லியூபா செபோத்தாரு கையை விரித்தாள்.
மருந்து?
மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினாள்.
மகன் பார்மாவில். "அதை எழுதாதே,
அவனுக்கே போதவில்லை."

பிறகு அவள் முறை.
உனக்கு என்ன தருகிறார்கள்?

பயிற்சிதான், சம்பளம் இல்லை என்றேன்.
பேருந்து அட்டை உண்டு, மதியம் சூப்.
என் உச்சரிப்பு பிழை என்றே நினைத்தாள்.
கைபேசியில் அந்தச் சொல்லைக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி
மறுபடி படித்தாள்.

"அப்போ எழுது:
இனேஷ், வயது இருபத்திரண்டு,
லிஸ்பனில் அம்மா,
இங்கே யாருமில்லை.
விறகு?"
ஹீட்டர் இருக்கிறது என்றேன்.
"வேலை செய்கிறதா?"

அவள் சிரிக்கவில்லை.
நானும் பேனாவை மூடிவிட்டேன்.

கிளம்பும்போது என் கம்பளித் தொப்பியைப் பிடுங்கி
அதற்குள் ஆறு முட்டைகளை அடுக்கினாள்.
தலை நனைய, குழந்தையை ஏந்துவதுபோல் ஏந்தி
நாற்பது நிமிடம்.

அன்பளிப்பு வாங்கினால்
அலுவலகத்தில் பதிய வேண்டும், விதி.
ஐந்து என்று பதிந்தேன்.

ஆறாவதை இரவு வேகவைத்து
உப்பில்லாமல்
நின்றபடியே தின்றேன்.