தற்காலிகம்

ஊர் முழுக்க மீட்டர் பார்க்கிறவள் நான்.
என் காரில் மட்டும் கணக்கு தப்பியது.

எண்பத்து நாலாம் வருஷத்துப் பத்மினி.
சாம்பல் நிறம். இடது கதவு
ஒரு உதைக்குத்தான் திறக்கும்.
நின்றால் நடுங்கும், ஓடினால் விக்கும்,
சில நாள் ஒன்றுமே ஆகாத மாதிரி
ஆபீஸ் வரை கொண்டுவிடும்.
அந்தச் சில நாட்கள்தான் மோசம்:
மெக்கானிக் வாசலில் அதுவே
நல்ல பிள்ளை வேஷம் கட்டும்.

முத்துக்கடை ஏழுமலை
கார்புரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார்.
வாலாஜாவில் பாயிண்ட், கண்டென்சர்.
ஆம்பூர் முனவ்வர் பாய் காயிலைத் தொட்டுப் பார்த்து
"சூடு" என்றார், புதுசு போட்டார்.
புதுசும் சூடு.
மொத்தம் ஒன்பதாயிரத்து நானூறு.
இரும்பு விலைக்குத் தள்ளிடுக்கா என்றான் தம்பி.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம்
ராணிப்பேட்டையிலிருந்து ஆற்காட்டுக்குத் திரும்பும்போது
பாலாற்றுப் பாலத்தில் எண்ணத் தொடங்கினேன்.
பாலத்தின் ஒரு கண் முடிந்து
அடுத்த கண் தொடங்கும் இடுக்கில்
டக் என்று சக்கரம் ஏறி இறங்குமே,
அங்கே ஒரு விக்கல்.
அடுத்த இடுக்கில் அடுத்தது.
நடுவில் சுத்தம்.
பெட்ரோலுக்குப் பாலம் தெரியாது.
காயிலுக்கும் தெரியாது.
குலுக்கினால் கைவிடுகிற ஏதோ ஒன்று
பிடித்திருப்பதாகப் பாவனை செய்துகொண்டு
உள்ளே இருக்கிறது.

வயர்மேன் தணிகாசலத்திடம் சொன்னேன்.
பதினொரு வருஷமாக ஒரே ஆபீஸ்,
டீக்காசு தவிர வேறு பேச்சில்லை.
"பதினோராயிரம் வோல்ட்டுன்னா ஏறிடுவேன் மேடம்,
பன்னெண்டு வோல்ட்டுன்னா பயம்" என்றார்.
வந்தார்.

இரவு பத்தரை. கீழே தண்ணீரில்லாத ஆறு,
மணலில் யாரோ பீடி பற்றவைத்த புள்ளி.
தோல் ஷாப்புக் காற்று மூக்கைப் பிடித்தது.
காயிலில் கவ்வவிட்ட இரண்டு வயர்
பானெட் இடுக்கு வழியாக, ஜன்னல் வழியாக
அவர் மடியிலிருந்த மல்டிமீட்டருக்கு வந்தது.

"பன்னெண்டு" என்றார்.
டக்.
"ஏழு."
"பன்னெண்டு."
டக்.
"ஆறே முக்கால்... நிறுத்தாதீங்க, ஓட்டுங்க..."

வீடு வீடாக நான் படித்த எண்களை
எத்தனை பேர் கையைக் கட்டிக்கொண்டு
நம்பாமல் கேட்டிருப்பார்கள்.
இன்றைக்கு எனக்கு ஒருத்தர் படிக்கிறார்.

பாலம் இறங்கி, பங்சர் கடை டியூப்லைட்டில் நிறுத்தினோம்.
இன்ஜின் ஓட ஓட
அவர் தலை டேஷ்போர்டுக்கு அடியில், கால்கள் ரோட்டில்.
ஒவ்வொரு வயராகச் சுண்டினார்.
சிவப்பு, ஒன்றுமில்லை.
மஞ்சள், ஒன்றுமில்லை.
சாவித் துளைக்குப் பின்னால் ஒரு நீலம்.
சுண்டினார். வண்டி செத்தது.

நீலத்தின் முட்டியில் ஒரு வெள்ளைச் சுற்று.
கரண்ட் டேப் இல்லை,
ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி.
அதன்மேல் பால்பாயிண்டில், குண்டு குண்டான எழுத்தில்:
தற்காலிகம். 9-11-96.

ஆர்.சி. புத்தகத்தில் எனக்கு முன்னால் மூன்று பேர்.
அதில் யார் என்று தெரியவில்லை.
மறுநாள் சரிசெய்யத்தான் நினைத்திருப்பார்,
இல்லாவிட்டால் தேதி எதற்கு.

உரித்தோம். உள்ளே கனெக்டர்
பாசி பிடித்த மாதிரிப் பச்சை.
ஓரத்தில் எள்ளளவு பித்தளை மினுங்கியது.
மூன்று பேரின் ரிப்பேர் செலவும், கல்யாணப் பயணமும்,
என் ஒன்பதாயிரமும்
அந்த எள்ளின் வழியாகத்தான் போயிருக்கிறது.

உப்புத்தாளில் தேய்த்தார்,
குறட்டில் லேசாக நெரித்தார், கறுப்பு டேப் சுற்றினார்.
"நாளைக்குப் புதுசு வாங்கிடுங்க."

அவரை வீட்டில் விட
மறுபடியும் அதே பாலம்.
டக்.
மீட்டர் பையில் இருந்தது. இருந்தும்
இருட்டைப் பார்த்து "பன்னெண்டு" என்றார்.
டக்.
"பன்னெண்டு."
அக்கரை வரை நிறுத்தவில்லை.

புதுக் கனெக்டர் பதினைந்து ரூபாய்.
மறுநாளே வாங்கிவிட்டேன்.
காகிதம்கூடப் பிரிக்காமல்
டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கிறது,
நாலு மாதமாக.