ஏழாம் ரேக்

மல்லாவிச் சந்தைக்குப் பின்னால
கூரை போன நெல் ஸ்ரோர்.
பேய் வேசம் டிலக்சனாவுக்கு:
மாமியின்ர வெள்ளைச் சீலை,
முகமெல்லாம் குட்டிக்கூரா,
கடைவாயில நெக்டோ.
அவள் சிரிச்சுச் சிரிச்சே ஆறு ரேக் பழுது.

ஏழாவதில ஒருத்தரும் சிரிக்கேல்லை.

இரவு, நிதுர்சன் வீட்டு விறாந்தையில
போட்டுப் பார்த்தம்.
சீலைக்குப் பின்னால, சன்னம் துளைச்ச சுவரோட
ஒரு பெடியன்.
எங்கட வயசுதான்,
எங்கட பள்ளிக்கூடத்தில இல்லை.
நீலக்கோடு போட்ட சாரம்.
ஒரு காலில மட்டும் செருப்பு.
கமராவைப் பார்க்கேல்லை அவன்.
டிலக்சனா தடக்கி விழுந்தால் பிடிக்கிறதுக்கெண்டு
ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிண்டான்.

அபிசாந் போனைப் போட்டிட்டு
படலையைத் திறக்காமலே பாய்ஞ்சான்.
எனக்குக் கால் எழும்பேல்லை.

போனை எடுத்தது நிதுர்சன்ர அம்மா.
அவ கத்தேல்லை.
ரெண்டு விரலால இழுத்துப் பெருப்பிச்சா.
திரும்பப் போட்டா.
திரும்பவும்.
வெளியில நாய்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் குரைக்க,
பற்றரி மூண்டு வீதத்தில நிக்கேக்க
"மற்றச் செருப்பு என்னட்ட இருக்கு" எண்டா.

பிறகு,
சீலைத் தலைப்பால கண்ணாடியைத் துடைச்சபடி,
"எட்டாவது எப்ப பிள்ளையள் எடுக்கிறியள்?"