இரண்டு விரலால் ஒரு தட்டு

டண்டியில் பழைய சணல் ஆலை, மூன்றாம் மாடி.
ஹீட்டர் இருமுகிறது.
பதினான்காம் பக்கம் பிரிண்டரிலிருந்து
வெளிர்நீலமாய் வழுக்கி வருகிறது,
நேற்றிரவு திரையில் நான் கீறிய அத்தனையும்.

எட்டு மடங்கு பெருக்கிவைத்து
ஒவ்வொரு செங்கல்லாய் அடுக்கியிருந்தேன்.
தாளில் அவை எள்ளை விடச் சிறிசு.
நிப் நுழையாது.
யார் எண்ணப் போகிறார்கள், என்கிறாள் மோராக்,
தன் பக்கத்திலிருந்து தலை தூக்காமல்.
பாதிச் சுவரை வெறுமனே விடுகிறேன்.
அங்கே வெயில் அடிக்கிறது,
மார்ச்சில் இந்த ஊருக்கு வராத வெயில்.

அப்புறம் பாலத்தில் நிற்பவளின் முழங்கை.
தூரிகை ஒரு மயிரிழை தடித்துவிட்டது.
இடது கை யாரையும் கேட்கவில்லை.
மைப்புட்டி மூடியைத் திருகிய அதே இரண்டு விரல்
தாளில் போய் ஒரு தட்டு.
திரையென்றால் தப்பு பின்வாங்கியிருக்கும்.

முழங்கை தடித்தபடியே இருக்கிறது.
அவள் தலைக்கு மேல் வானத்தில்
கறுப்பாய் இரண்டு ரேகை.

மோராக் வெள்ளை மையைத் திறந்து நீட்டுகிறாள்.
வேண்டாம், ஸ்கேன் பண்ணிவிட்டு
உள்ளே அழித்துக்கொள்கிறேன், நொடி வேலை.

அழிப்பானைப் பிடித்து
மறுபடி எட்டு மடங்கு பெருக்குகிறேன்.
செங்கல் இல்லை, பாலம் இல்லை, அவள் இல்லை.
திரை முழுக்க வளைந்து வளைந்து கோடு.
ஒன்றுகூட இன்னொன்றை வெட்டவில்லை.

பதினோரு வருஷமாய் நிழல் போடுகிறேன்.
இவ்வளவு சுத்தமாய்
ஒருநாளும் வந்ததில்லை எனக்கு.