நான்காம் எண் வீட்டின் காட்சி

நான்காம் எண் வீட்டை அளக்கப் போனது செவ்வாய்க்கிழமை.
கையில் சிவப்புப் புள்ளி பாய்ச்சும் கருவி.
சுவருக்குச் சுவர் மூன்று மீட்டர் பத்து.
அதை ‘கதகதப்பான வரவேற்பறை’ என்று எழுதுவது
என் வேலையில் பாதி.

மீதி, புகைப்படம்.
சமையலறை ஜன்னலைத் திறந்தால் கால்வாய்,
கால்வாயில் பச்சைப் படகு,
படகின் புகைபோக்கியில் மெல்லிசாய் ஒரு புகை,
கூரைமேல் மூன்று நிலக்கரி மூட்டை, ஒரு சைக்கிள்,
தொட்டியில் லீக்ஸ் கீரை.
மூட்டைகளை மட்டும் அழித்தேன்.
புகையை விட்டுவைத்தேன்.

விலை நாலு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் பவுண்டு.
அதில் காட்சிக்கு எவ்வளவு என்று கேட்டால்
எங்கள் முதலாளி கார்த் வில்மோர்
உள்ளங்கையைக் கவிழ்த்து ஆட்டுவார்,
மீன்காரர் எடை சொல்வதுபோல.

இந்த நெதர்காட்டில்
தபால் நிலையம் இப்போது நாய்களுக்கு முடி வெட்டும் கடை.
பேருந்து வியாழன் மட்டும்.
ஒன்று, இரண்டு, ஐந்து, ஆறு
நான்கு வீட்டு வாசலிலும் எண்பூட்டுச் சாவிப் பெட்டி.
வெள்ளி மாலை கார்கள் வரும்,
ஞாயிறு மாலை குப்பைத்தொட்டி நிறைந்திருக்கும்.
பள்ளியில் இந்த வருடம் பதினேழு பேர்,
அதில் மூன்று பேர் படகிலிருந்து.

படகுக்காரி ரொவீனா தாக்வெல்
கரையில் நின்று கழிவுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
‘படத்தில் நான் விழுந்தேனா?’
‘நீங்கள் இல்லை. புகை விழுந்தது.’
‘என் புகைதானே.
மூட்டை பதினான்கு பவுண்டு விற்கிறது, தெரியுமா?’

அதே நான்காம் எண்ணில்
பதினோரு வருடம் வாடகைக்கு இருந்தவள் அவள்.
வீட்டுக்காரர் விற்கிறேன் என்றதும்
வங்கிக்குப் போனாள்.
வங்கி ஒரு காபி கொடுத்தது.
அந்தக் காபியோடு நடந்து வந்து
படகு வாங்கினேன் என்பாள்;
எவ்வளவு உண்மையோ.

ஒரே இடத்தில் பதினாலு நாள்தான் கட்டலாம் படகை.
சனிக்கிழமை வீடு பார்க்க வருகிறவர்கள் வருகிறார்கள்,
அதுவரை இருக்கச் சொல் என்று
கார்த் என்னை அனுப்பினார்.
கையில் ஒரு பிஸ்கட் டப்பாவும் கொடுத்தனுப்பினார்.
டப்பாவை வாங்கிக்கொண்டாள்.
‘வெள்ளியோடு பதினாலு’ என்றாள்.

சனிக்கிழமை.
மழை இல்லை, அதுவே அதிசயம்.
கணவன் மனைவி இருவருக்கும் புத்தம்புது ரப்பர் பூட்ஸ்.
ஜன்னலருகே போய் நின்றார்கள்.
சிப்ஸ் பாக்கெட் ஒன்றை இழுத்துக்கொண்டு
ஒரு வாத்து போயிற்று.
‘படகு எங்கே?’ என்றாள் அந்த அம்மாள்.
நான் படத்தைப் பார்த்தேன்,
அவர்களும் படத்தைப் பார்த்தார்கள்.
திங்கள் காலை
பத்தாயிரம் குறைத்துக் கேட்டு மின்னஞ்சல்.

அன்று மாலை இரண்டு மைல் தள்ளி
மதகடியில் அவளைப் பார்த்தேன்.
படகு கீழ்த் தண்ணீரில் காத்திருந்தது,
அறைக்குள் தண்ணீர் இறங்க
நேரம் இருந்தது எங்களுக்கு.
விஷயத்தைச் சொன்னேன்.
‘பத்தாயிரமா’ என்றாள்,
சிரிக்கவில்லை,
விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள்.
‘என்னைக் கூட வைத்தால்
அந்த வீட்டை நானே வாங்க முடியாத அளவுக்கு
நான் விலை ஏற்றுகிறேன், பார்.’

பிறகு,
இரும்புச் சுழற்றியை இடுப்பில் செருகிக்கொண்டு,
‘முதுகைக் கொடு’ என்றாள்.
கதவின் நீண்ட மரக்கையில்
அவள் பக்கத்தில் நானும் சாய்ந்தேன்.
கதவு அசைய மறுத்தது.
தண்ணீர் இன்னும் சமமாகவில்லை.

‘பின்னறை அலமாரிக்குப் பின்னால்
ஈரம் ஊறுமே, இன்னும் இருக்கிறதா?’

இருக்கிறது என்றேன்.

‘எழுதினாயா?’

காலை மண்ணில் ஊன்றி
இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினேன்.