ஆறும் ஏழும்

ஊட்ரம் பார்க், மூன்றாம் அடித்தளம்.
மேலே மழையா வெயிலா தெரியாது.
கைப்பேசிக்கு இங்கே உயிரில்லை.

விரல் எண்ணெய் படக்கூடாது, இடுக்கியால் எடுக்கிறேன்
மூக்குத்திக் கல் அளவில் இரண்டு சில்லுகள்.
இரண்டும் லித்தியம் ஃபுளோரைடு,
தண்ணீருக்கு லேசில் இளகாத உப்பு.
ஒன்றின் கருவில் ஆறு துகள், மற்றதில் ஏழு.
கண்ணுக்கு வித்தியாசமே இல்லை.

நியூட்ரான் வந்தால்
ஏழு ஒதுங்கிக்கொள்ளும்,
லிஃப்டில் நாம் அந்நியருக்கு ஒதுங்குவது மாதிரி.
ஆறு கை நீட்டி வாங்கும்.
வாங்கிய கணமே உடையும்:
ஹீலியம் ஒரு பக்கம், டிரிட்டியம் ஒரு பக்கம்.
ஆறிலும் சாவு என்றவர்
இதைப் பார்த்தா சொன்னார்?

காமா கதிரை இருவரும் ஒன்றுபோல் எழுதிவைப்பார்கள்.
ஆறிலிருந்து ஏழைக் கழித்தால் நியூட்ரான் கணக்கு.
பதினோரு வருடமாக எனக்குக்
கழித்தல் சம்பளம்.

இன்று ஹஸ்லிண்டாவின் பட்டை.
புரோட்டான் அறையில் வேலை, வயிற்றில் ஐந்து மாதம்.
போன மாதம் ஆறு எக்கச்சக்கமாகப் பேசிற்று.
மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.
நான்காம் நாள்தான் ஞாபகம் வந்தது
சிகிச்சை அறைக் கதவின் பின்னால் கொக்கியில் ஓர் அங்கி.
அவள் பெடோக்கில் விடுப்பில் தூங்க
பட்டை மட்டும் ஓவர்டைம் பார்த்திருக்கிறது.

அதிலிருந்து கோப்பிக்கடையில் என்னைக் கண்டால்
பார்லித் தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு
'காக், அடா?' என்பாள்.
அக்கா, இருக்கா?

சூடேற்றுகிறேன்.
பூட்டிய இருட்டுக்குள் சில்லு நீலமாய் ஒளிரும்,
நான் பார்த்ததில்லை.
பார்ப்பது ஒரு கண்ணாடிக் குழாய்.
எனக்குத் திரையில் ஒரு மேடு வரும்.
ஏழின் மேடு.
ஆறின் மேடு.
ஒன்றன்மேல் ஒன்று வைத்தேன்,
முடி நுழைய இடமில்லை.

படிவத்தில் 'பதிவளவுக்குக் கீழ்' என்று எழுதச் சொல்கிறது விதி.
எழுதினேன்.

இனி நானூறு டிகிரியில் ஒரு மணி நேரம்.
எல்லாம் மறந்து வெள்ளையாய்த் திரும்பும்.
ஏழு முழுதாய் மறக்கும்.
ஆறுக்குள் போன மாதத்து டிரிட்டியம்
அணுவணுவாய்ச் சற்று தங்கும்,
எந்த அடுப்புக்கும் அது மசியாது.

நான்கு மாடி ஏறி வந்தேன்.
மழைதான்.
டாக்சி வரிசைக்குப் பக்கத்தில் நின்று அனுப்பினேன்:
'தாக் அடா.'
ஒரு டிக்.
இரண்டு.

கீழே
ஆறட்டும்.