மூன்று

புர்க்டோர்ஃப் ரயிலடிக்குப் பின்னால், இரண்டாம் மாடி.
சுவரில் தோலுரித்த மனிதன் ஒருவன்
சிவப்புத் தசையெல்லாம் தெரிய நிற்கிறான்.
அவனுக்கு ஒன்றும் நோகவில்லைப் போல.

"ஃப்ராவ் தர்மகுலசிங்கம்" என்று கூப்பிடுகிறாள்
எஷ்லிமான்.
அது என் மாமனாரின் பெயர்.
அவரைக் கூப்பிட்டு
என் தோளைப் பிடிக்கிறாள், ஏழு கிழமையாக.

பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை?
மூன்று என்பேன்.
வைத்தியர் கேட்டபோதும் மூன்று,
காப்புறுதிக்காரர் கடிதத்திலும் மூன்று.
நல்ல எண் அது.
பொய்க்காரி என்றும் நினைக்கமாட்டார்கள்,
வேலைக்குக் கள்ளம் என்றும் நினைக்கமாட்டார்கள்.
முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில்
பதினெட்டு வருடம் ஈரப் போர்வை தூக்கியவள்
அதற்கு மேல் சொன்னால்
போர்வைகள் என்ன நினைக்கும்?

முந்தியெல்லாம் சாருஜன் கூட வருவான்.
இரவில் கை தன்பாட்டில் கழன்று போவது போல ஓர் உளைவு,
விடியப்புறம் அது கடுப்பாகி
முழங்கை வரை இறங்கும்,
தலை இழுக்கக் கை எழும்பாது, தம்பி, சொல்லு.
அவன் டொச்சில் ஒரே ஒரு சொல் சொன்னான்.
அவளும் ஒரே ஒரு சொல் எழுதினாள்.
என் இரவுகள் எந்த இடத்தில் விழுந்தன என்று
இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.
உள்சட்டைக் கொக்கி பூட்ட ஏலாததை
மகனிடம் சொல்லவே இல்லை.

இன்று அவனுக்குப் பரீட்சை.

கையைத் தலைக்கு மேலே கொண்டு போகிறாள்.
"கைட்ஸ்?" போகுதா?
"எஸ் கைட்." போகுது.
இந்த நாட்டில் நான் முதலில் பாடமாக்கிய பதில்.
குளிர் எப்படி, போகுது.
இரவு வேலை எப்படி, போகுது.
எங்கே போகுது என்று
ஒருவரும் கேட்டதில்லை.

இன்னும் கொஞ்சம், என்கிறாள்.
தோளுக்குள் யாரோ ஈரத்துணி முறுக்குகிறார்கள்.
மூச்சைப் பிடித்தேன். கால்விரல்கள் மடங்கின.
தோலுரித்தவனைப் பார்த்தேன்.
இன்னும் கொஞ்சம்.

"நிப்பாட்டுங்கோ!"

தமிழில்தான் வந்தது.
கத்தலிலும் ஒரு 'ங்கோ'
விடாமல் ஒட்டிக்கொண்டு வந்தது.
திரைக்கு அந்தப் பக்கம்
சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த கிழவர்
மிதிப்பதை நிறுத்திவிட்டார்.

அவள் கையை விடவில்லை.
அந்தரத்தில் அப்படியே தாங்கிக்கொண்டு நின்றாள்.
விட்டிருந்தால் செத்திருப்பேன்.

பிறகு டொச்சை எடுத்தேன்.
வினைச்சொல் எங்கே நிற்கவேண்டும் என்று பார்க்கவில்லை,
மரியாதைப் பன்மையைத் தேடவில்லை.
மூன்று இல்லை. இரவில் எட்டு.
நீ திருப்பும்போது எண் இல்லை.
இவ்வளவு உயரம் வேண்டாம், இது மட்டும்.
நான் தூக்குகிறேன். நீ கீழே பிடி.
நல்ல கையைப் பின்னால் கொண்டுபோய்
கொக்கியைக் காட்டினேன்,
நோகிற கையைக் காட்டி
தலையாட்டினேன், இல்லை என்று.

அவள் முகம் சிவந்துவிட்டது.
கோபமா வெட்கமா, எனக்குத் தெரியாது.
ஏன் முதலே சொல்லவில்லை?
நீ எண் கேட்டாய், என்றேன்.

கிழவர் மறுபடி மிதிக்கத் தொடங்கினார்.

தாளில் எதையோ வெட்டினாள்.
இந்த முறை எழுதி முடிக்க நேரம் எடுத்தது,
இடையில் இரண்டு தரம் நிமிர்ந்து
எந்த இரவு, எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.
சிவப்பு றப்பர் பட்டியை வாங்கிக்கொண்டு
மஞ்சளைத் தந்தாள், மெல்லியது.
இருபத்தைந்து நிமிடம் முடிந்துவிட்டது.
தோள் நொந்துகொண்டுதான் இருந்தது,
வந்தபோதை விடக் கொஞ்சம் கூட.

வெளியே பனி தூறியது.
என் குளிர்ச்சட்டையை விரித்துப் பிடித்தாள்,
நல்ல கைப் பக்கம் முதலில்.
பதினோரு மாதமாக எல்லோரும்
அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

"மற்றக் கை முதல்," என்றேன்,
மெல்லமாகத்தான்.